ஏற்கனவே ஒன்று இருக்கிறது

தொடாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அமலோற்பவமும் தொடவில்லை. தொடாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்கு என்ன புதுசா, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த அறையில் எதைத் தொட விட்டிருக்கிறார், இந்த வயரை மிதிக்காதே, அந்தத் திருகாணியைத் திருகாதே, மைக்குக்கு முன்னால் தும்மித் தொலைக்காதே. இன்றைக்குத் தொடக்கூடாத சாமான் கம்ப்யூட்டர் திரையில் நிற்கிற ஒரு கேள்வி. சனிக்கிழமை காலை பத்தரை மணி, பாலக்கரையில் வெயில் ஏறிவிட்டது, சோறு வடித்தாகிவிட்டது, ரசம் மட்டும் பாக்கி, அதை வைக்கப் போகாமல் இவள் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 'இந்தக் கணினியில் ஏற்கனவே ஒரு இயங்குதளம் இருக்கிறது. என்ன செய்ய விரும்புகிறீர்கள்?' கீழே இரண்டு வரி, இரண்டுக்கும் பக்கத்தில் சின்னச் சின்ன வட்டம். 'இருப்பதை வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் புதியதை நிறுவு.' 'அனைத்தையும் அழித்துவிட்டுப் புதியதை நிறுவு.' அடேயப்பா, எவ்வளவு சுத்தமான தமிழ், பங்குச் சாமியார் பிரசங்கத்தில்கூட இப்படி வராது. "இப்படி ஒரு கேள்வி வரும்னு தெரியும் பவம்" என்றார் புருஷன் இன்னாசி, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே. "புதுசுல நம்ம பழைய பாட்டு டேக்கெல்லாம் திறக்குமா, இல்ல பழசைப் பக்கத்துலயே வச்சுக்கணுமான்னு கம்ப்யூட்டர் மரியநாதன் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன். போனை எடுக்க மாட்டேங்கிறாரு மனுஷன். நீ பாட்டுக்கு உக்காந்திரு. எதையும் தொடாத." கறிவேப்பிலை வாங்கிக்கிட்டு வாங்க என்றாள் இவள். சரி சரி என்றார். போய்விட்டார்.

இதே கேள்வி வரைக்கும் வந்து மூன்று தடவை பின்வாங்கியிருக்கிறார். நாலு மாசமாக இந்தக் கூத்து நடக்கிறது. எந்த சிஸ்டம் போடலாம், எது நம்பகமானது, எது காலை வாராது. பெண் பார்க்கப் போன வீட்டில் ஏழு தலைமுறைக்கு விசாரிக்கிற மாதிரி விசாரித்தாகிவிட்டது. இருப்பது பழைய விண்டோஸ், ஏழாம் நம்பர், பங்குத் திருவிழாப் பாட்டுக்காக வாங்கின பெட்டி, அதற்கு வயசாகிவிட்டது, கேஸ் சிலிண்டர் பதிவு செய்கிற பக்கம் அதில் திறக்காது, ரயில் டிக்கெட் எடுக்க முடியாது, மஸ்கட்டிலிருக்கிற தங்கச்சி ஜெசிந்தாவின் முகம் பார்த்துப் பேச முடியாது. புது விண்டோஸுக்கு இந்தப் பெட்டி தாங்காதாம். ஆப்பிளா, அது எட்டாக் கனி. மிச்சமிருப்பது லினக்ஸ், இனாம், வைரஸ் பயமில்லை, பழைய பெட்டியிலும் ஓடும், ஆனால் இருபது வருஷமாக அவர் பாட்டுப் பதிந்த மென்பொருள் அதில் வருமா என்பதுதான் சந்தேகம். "வீட்டு உபயோகத்துக்கு எதுவும் போதும் பவம். ஆடியோவுக்குத்தான் பார்க்கணும்" என்பார். வீட்டு உபயோகம் என்றால் அமலோற்பவம். ஆடியோ என்றால் அவர். வீட்டுக்கு எதுவும் போதும். அது சரி, வீட்டுக்கு எப்போது எது போதாமல் இருந்திருக்கிறது? ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பாடமே நடத்தினார், பாடுகிறவளின் குரல் மைக்கில் நுழைந்து, வயர் வழியாகப் பெட்டிக்குள் போய், சுற்றி, ஹெட்போன் வழியாக அவள் காதுக்கே திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது, கண் இமைக்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆனால் பாடுகிறவள் தடுமாறிவிடுவாள், அதனால் சிஸ்டம் என்பது சொன்னது சொன்னவுடன் கேட்க வேண்டும், அதுதான் நம்பகம். இவள் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். சொன்னது சொன்னவுடன் கேட்க வேண்டுமாம். எவ்வளவு பெரிய ஞானம்! நான் சொன்னது நாலு மாசமாச்சே, இன்னும் உங்க காதுக்கு வந்து சேரலையே, அதுக்கு எந்த சிஸ்டம் போடலாம் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, அப்பளம் பொரிக்கப் போய்விட்டாள்.

இதே அறைதான். இது பிள்ளைக்கென்று நினைத்துக் கட்டின அறை, பிள்ளை வரவில்லை, பாட்டு வந்தது. சுவர் முழுக்க மெத்தையைப் பிளந்து அடித்து வைத்தார், ஜன்னலுக்குப் பலகை, கதவிடுக்குக்குப் பழைய போர்வை. பாடும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும், வளையலைக் கழற்ற வேண்டும், பக்கத்து வீட்டில் குக்கர் ஏற்றியிருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்து, அவர்களுக்கு மூன்று விசில் முடிந்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். இவள் வீட்டிலும் அதே சட்டம், விசில் வைத்தால் பாட்டு இல்லை, பாட்டு வைத்தால் விசில் இல்லை. எத்தனை நாள் நாலு மணிக்கு மத்தியானச் சோறு தின்றிருக்கிறார்கள். வியர்வை முதுகில் ஓடும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னாசி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருப்பார், ஒரு வரி பாடி முடித்ததும் இவள் காதுக்குள்ளே அவர் குரல் வரும், "நல்லாருக்கு பவம், இன்னொரு தடவை." நல்லாருந்தா எதுக்கு இன்னொரு தடவை என்று இவள் எரிந்து விழுவாள். ஒவ்வொரு தடவைக்கும் டேக் என்று பெயர். தவக்காலப் பாட்டு ஒன்றுக்கு, ஒரே ஒரு வரிக்கு, இருபத்திரண்டு டேக். அப்புறம் அவர் உட்கார்ந்து சுத்தம் பண்ணுவார். மூச்சை வெட்டுவார். வரிக்கும் வரிக்கும் நடுவில் இவள் இழுக்கிற மூச்சு, எச்சில் விழுங்குகிற சத்தம், தொண்டைக் கமறல், எல்லாவற்றையும் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கிப் பொறுக்கி வெளியே எறிவார். திருச்சி மறைமாவட்டம் முழுக்க அவர் சுத்தத்துக்குப் பேர். கடைசியில் கேசட்டில், சிடியில், இப்போது எல்லார் போனிலும் இருக்கிற அந்தக் குரலுக்கு மூச்சே கிடையாது, வானத்துச் சம்மனசு பாடுகிற மாதிரி இருக்கிறது என்று கன்னிகாஸ்திரீகள் சொல்வார்கள். சம்மனசு மூச்சுவிடாது போலிருக்கிறது, விடாமலே மூன்று நிமிஷம் பாடும். இவளுக்கு அப்போது பெருமையாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது, கோவிலில் பாட்டு மாடத்தில் நின்று பாடும்போது கீழே தலைகள் திரும்பிப் பார்க்கும், அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை, அந்தக் குரலுக்காக இவளும்தான் ஏங்குகிறாள், அவர் மட்டுமா. குளிக்கிறபோது வாயைத் திறந்து பார்க்கிறாள், காற்று வருகிறது, ராகம் மனசுக்குள்ளே முழுசாக ஓடுகிறது, வெளியே வருவது பஞ்சரான டியூப். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. குழாயைத் திறந்து விட்டுத் தண்ணீர் சத்தத்தில் அழுதுவிட்டு வருவாள்.

தொண்டையில் கட்டி, தைராய்டு, எடுத்தாக வேண்டும் என்றார்கள், குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, தொட்டுக்கொண்டாலும் தொட்டுக்கொள்ளும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள், தொட்டுக்கொண்டது. யாரை நோவது. தொண்டையை வருத்தாதீர்கள், இனி இவ்வளவுதான் என்றார் டாக்டர். மூன்று வருஷம் ஆகிறது. ஆட்டோவைக் கூப்பிடக் கை தட்டுகிறாள், பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் கம்பியைத் தட்டுகிறாள், காய்க்காரி "என்னம்மா? சத்தமா சொல்லும்மா" என்று காதைக் கிட்டே கொண்டுவருகிறாள், ஜெசிந்தா போனில் "அக்கா, கேக்கலக்கா, கேக்கலக்கா" என்று கத்தி, இவளையும் கத்த வைத்து, அப்புறம் ரெண்டு பேரும் அழுகிறார்கள். ஊரில் எல்லாரும் என்ன என்ன என்று கேட்கிறார்கள். ஒருத்தர் மட்டும் கேட்பதில்லை. இன்னாசி ஒரு தடவைகூட என்ன என்று கேட்டதில்லை. எதைச் சொன்னாலும், வாயை மூடுவதற்குள், சரி சரி. உப்புப் போதுமா, சரி சரி. பக்கத்து வீட்டு அந்தோணியம்மாளுக்குக் காய்ச்சலாம், சரி சரி. கறிவேப்பிலை வாங்கிக்கிட்டு வாங்க, சரி சரி, வாங்கிக்கொண்டும் வந்துவிடுவார், ஆனால் அது கேட்டு வாங்கினதா, தினமும் வாங்குகிற பழக்கத்தில் வாங்கினதா, யார் கண்டது. பெண்டாட்டி வாய் அசைந்தால் தலையை ஆட்டிவிட வேண்டும், அசைந்த வாயிலிருந்து என்ன வந்தது என்பது யாருக்கு வேண்டும். அந்தக் குரல் இருந்தபோது ஒரு வரிக்கு இருபத்திரண்டு தடவை கேட்ட காது, இந்தக் குரலுக்கு அரைத் தடவைகூட நிற்க மாட்டேன் என்கிறதே, இது என்ன நியாயம், மாதாவே.

அந்த விஷயத்தையும் அப்படித்தான் சொன்னாள். புதுக்கோட்டை தாண்டி ஓர் ஊரில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், சிஸ்டர்கள் நடத்துவது, விடுதிக்கு ஒரு வார்டன் அம்மா தேவை என்று கோவில் பலகையில் ஒட்டியிருந்தார்கள். படித்தவுடன் இவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இவள் குரல் எப்படி இருந்தால் என்ன, உதட்டைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள். யாராவது முகத்தைப் பார்க்க மாட்டார்களா என்று இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே, நாலு மாசத்துக்கு முன்னால், வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னாள், இப்படி ஒரு வேலை, தங்கித்தான் பார்க்கணும், மாசம் ஒரு தடவைதான் வீட்டுக்கு வரலாம், எழுதிப் போடப் போறேன். சரி சரி. இரண்டாம் தடவை சொன்னது நேர்முகத்துக்குப் போய் வந்த அன்று, சாப்பிடும்போது, என்னை அவங்களுக்குப் பிடிச்சிருக்கு போல. சரி சரி, மோர் ஊத்து. மூன்றாம் தடவை போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நடந்து வரும்போது, கடிதம் வந்திடுச்சுங்க, அடுத்த திங்கக்கிழமை சேரணுமாம், ஆறு மணி பஸ்ஸுல போறேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி அவர் நடை நின்ற மாதிரி இருந்தது, எதிரே சைக்கிள் வந்ததாலும் இருக்கலாம், அப்புறம் அதே பாட்டு, சரி சரி. நாளை மறுநாள் திங்கட்கிழமை. கட்டிலுக்கடியில் பையில் நாலு சேலை மடித்து வைத்தாகிவிட்டது. கேட்டுவிட்டுச் சரி என்றாரா, கேட்காமலே சரி என்றாரா? இந்த ஒரு முள்ளில்தான் இவள் மனசு ஒரு வாரமாக மாட்டிக்கொண்டு கிழிகிறது. கேட்காமல் சொல்லியிருந்தால், திங்கட்கிழமை விடியற்காலை பையைத் தூக்கினதும் எங்கே போறே என்று திகைப்பார், அந்தத் திகைப்பைப் பார்க்க ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. கேட்டுவிட்டுச் சொல்லியிருந்தால், ஐயோ, கேட்டுவிட்டா சரி என்றார், முப்பது வருஷத்துக்குக் கிட்டக் குடித்தனம் பண்ணினவளைப் போ என்று சொல்ல அரை விநாடிதான் ஆனதா? போக வேண்டும் என்று இவளுக்கு ஆசை, அது உண்மை. போகாதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று அதைவிடப் பெரிய ஆசை, அதுவும் உண்மை. ரெண்டும் ஒரே நெஞ்சுக்குள்ளே எப்படித்தான் கிடக்கின்றனவோ, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால், இந்தத் திரையில் கேட்கிறானே, இருப்பதை வைத்துக்கொண்டு பக்கத்தில் புதியதை என்று, அந்த மாதிரி. ரசத்துக்குப் புளி ஊறப்போட்டது நினைவு வந்தது, எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்க விடாமல் வேறொன்றும் இருந்தது. போன வாரம் இந்த மேசையைத் துடைத்தபோது ஹெட்போனிலிருந்து கொசு மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. இன்னாசி பால் வாங்கப் போயிருந்தார். நாலு மாசமாகத்தான் அவருக்கு இந்தப் பைத்தியம், சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் வந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வது, பாட்டு எதுவும் புதிதாகப் பதிகிறாரா என்றால் இல்லை, என்னதான் கேட்கிறார் என்று இவளும் நினைத்ததுண்டு. எடுத்துக் காதில் வைத்தாள். பாட்டு இல்லை. பாட்டுக்கு நடுவில் கிடந்தது எல்லாம். ஒரு பெண் மூச்சு இழுக்கிறாள். தொண்டையைச் செருமுகிறாள். "கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேங்க" என்கிறாள், எவ்வளவு தெளிவாக, வெண்கலக் குடத்தில் விரலால் தட்டினாற்போல. "பசிக்குது, இதோட விட்டுடலாமா?" என்கிறாள். சிரிக்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னொரு தடவை பவம், கண்ணு" என்று கெஞ்சுகிறார் ஒருத்தர். வெட்டி எறிந்ததாக இவள் நினைத்திருந்த மூச்செல்லாம், வெட்டாத பழைய டேக்குகளாக, இந்தப் பெட்டிக்குள்ளே அடுக்கடுக்காக இருந்திருக்கிறது. வேறெங்கும் கிடையாது, காப்பி எடுத்து வைத்த டிஸ்க்கைப் போன மழைக்காலத்தில் அவரே கீழே போட்டு உடைத்தார். ஹெட்போனைக் கழற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள். கோபமா, வெட்கமா, பொறாமையா? பொறாமைதான், என்ன மறைப்பது. அவள் தண்ணீர் கேட்பதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், நான் கேட்டால் சரி சரி. அவள் பசிக்கிறது என்றால் கண்ணை மூடி ரசிக்கிறார், நான் சாப்பிட வாங்க என்று கூப்பிடத் தட்டில் கரண்டியால் தட்ட வேண்டியிருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாரே மனுஷன். இந்த டேக்கெல்லாம் புதிதில் திறக்குமா என்று கேட்கத்தான் வெயிலில் எடமலைப்பட்டிப்புதூருக்கு, மரியநாதன் சார் வீட்டுக்குப் போயிருக்கிறார். இவள் நாளை மறுநாள் இந்த வீட்டில் இருக்க மாட்டாள், அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்க ஓர் அடிகூட நடக்கவில்லை, பெட்டிக்குள்ளிருக்கிற அவளை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று கேட்க ரெண்டு பஸ் மாறிப் போகிறார்.

போன் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள், எப்போது அழுத்தினாள் என்று தெரியவில்லை. அவர் எடுத்தார், பின்னால் பஸ் உறுமுகிறது, கண்டக்டர் விசில் அடிக்கிறான், யார் பிள்ளையோ அழுகிறது. இந்த இரைச்சலில் இவள் குரல் எங்கே போய்ச் சேரப் போகிறது, அந்தத் தைரியத்தில்தான் கேட்டாள். "அந்தக் கேள்வி நிக்குதுங்க. பழசெல்லாத்தையும் அழிச்சிடட்டுமா?" வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். என்ன என்று கேளுங்கள், இன்றைக்காவது என்ன என்று கேளுங்கள், கேட்டால் ஒன்றுமில்லை, சும்மா என்று வைத்துவிடுகிறேன். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "சரி, பவம்" என்றார் இன்னாசி. "சரி சரி." வைத்துவிட்டார். நல்லது. நல்லது சாமி. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும். கொன்றுவிடட்டுமா என்று கேட்டாலும் சரி சரி என்பவரிடம், வேலைக்குப் போறேன் என்று சொன்னால் மட்டும் காதில் விழுந்திருக்கவா போகிறது? கேட்காமலேதான் சொல்லியிருக்கிறார். முள் பிடுங்கியாகிவிட்டது. பிடுங்கின இடம் அப்படி எரியும் என்று யாருக்குத் தெரியும்? கை சுட்டெலியைப் பிடித்தது, அம்புக்குறி இரண்டாவது வட்டத்தில் போய் உட்கார்ந்தது. 'உறுதியாகத்தானா? அழிக்கப்பட்டவற்றைப் பிறகு மீட்க இயலாது.' மரியாதை தெரிந்த பெட்டி, இரண்டாம் தடவை கேட்கிறது பார், மனுஷனுக்கு இல்லாத பொறுமை. ஆமாம்டா, உறுதியாகத்தான். அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. இடி விழவில்லை. திரையில் ஒரு கோடு முளைத்து மெல்ல நகர்ந்தது, ஒன்று, இரண்டு, மூன்று சதவீதம். அவ்வளவுதானா என்றிருந்தது முதலில். ஐந்து வந்தபோது நாற்காலி நுனிக்கு வந்தாள். என்னடி பண்ணித் தொலைச்சே. தண்ணி குடிச்சுக்கிறேங்க என்று கேட்டாளே, அவள் தண்ணீர் குடித்து முடித்தாளோ இல்லையோ. அந்தச் சிரிப்பு எந்த சதவீதத்தில் போயிருக்கும்? ஏழிலா, எட்டிலா? அது அவளில்லை, நான், என் நெஞ்சுக்கூட்டிலிருந்து போன மூச்சு, முப்பத்திரண்டு வயசு மூச்சு, என் அம்மா செத்த மறுவாரம் தொண்டை கட்டிக்கொண்டு பாடினது, பிள்ளை நிற்கவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம் பாடிவிட்டு நடுவில் தேம்பினது, அந்தத் தேம்பலும் அதற்குள்ளேதான் இருந்திருக்கும், இந்தக் கையால் அழித்தேன். வயரைப் பிடுங்கிவிட்டால் நிற்குமா? நடுவில் பிடுங்கினால் பழசு புதுசு ரெண்டும் இல்லாமல் போய்விடும் என்பார். பதினொன்று. எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள். "நில்லு" என்றாள் பெட்டியைப் பார்த்து. குரல் வரவில்லை. வந்தாலும் அது நிற்கவா போகிறது. அவர் வந்து பார்த்தால்? அவரைக் கோபமாக நினைத்துப் பார்க்க முடியவில்லை, கோபப்பட்டால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒன்றும் வராமல், கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்வார், அதைத்தான் நினைக்க முடியவில்லை. எத்தனை நாள் கோபமிருந்தாலும் இந்த மனுஷன் பட்டினி கிடந்தால் இவளுக்குச் சோறு இறங்கினதில்லையே. இருபத்தாறு. மேசை விளிம்பில் நெற்றியை வைத்து அழுதாள், சத்தமில்லாமல்.

வாசல் கதவு திறந்தது. எடமலைப்பட்டிப்புதூர் போய்த் திரும்ப இந்த நேரம் போதாது, ஏதோ விட்டுவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்தாள். இன்னாசி செருப்பைக் கழற்றி, கறிவேப்பிலையை அடுக்களையில் வைத்து, கை கழுவி, எல்லாம் நிதானமாகச் செய்துவிட்டு அறைக்கு வந்தார். திரையைப் பார்த்தார். முப்பத்தெட்டு. பாடுகிறவர்கள் உட்காரும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சார்கிட்ட போகலையா?" என்றாள் இவள், கேட்க வந்தது வேறு, வாயில் வந்தது இது. "பாதியிலயே இறங்கிட்டேன். கேக்க என்ன இருக்கு, அதான் அழிச்சாச்சே." இவள் அவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" "என்ன பவம் இது, நீதானே போன்ல கேட்ட, அழிச்சிடட்டுமான்னு. சரின்னேன்ல?" "பஸ் சத்தத்துல அது கேட்டுச்சா?" இன்னாசி அவளை நிமிர்ந்து பார்த்தார். "அடுத்த வீட்டுக் குக்கர் எத்தனாவது விசில்ல இருக்குன்னு சுவருக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னவன் நான். உன் குரல் எனக்குக் கேக்காதா?" "அப்ப ஏன் எதைச் சொன்னாலும், முழுசாச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, சரி சரி, சரி சரின்னு..." அவளுக்கு மூச்சு வாங்கியது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மெதுவா. வருத்தாத தொண்டையை. டாக்டர் என்ன சொன்னாரு? ஊர்ல ஒவ்வொருத்தனும் என்ன என்னன்னு உன்னை ரெண்டு தடவை சொல்ல வைக்கிறான். நானும் வைக்கணுமா? பாவி, எத்தனை டேக் வாங்கியிருக்கேன் உன்கிட்ட, பசிக்குதுன்னு சொன்னப்பக்கூட விடலையே. அதான் ஆஸ்பத்திரியிலயே முடிவு பண்ணிட்டேன், இனிமே பவத்துகிட்ட ஒரே டேக்தான். காதைத் தீட்டி வச்சுக்கிட்டே இருப்பேன். நீ சொன்னது வந்து விழுந்த உடனே சரின்னுருவேன், நீ திருப்பிச் சொல்ல வேண்டாம்னு."

அமலோற்பவம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சொல்லியிருக்கலாமே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே இந்த மடையர், மூன்று வருஷம். அப்புறம்தான் அடுத்தது உறைத்தது. "அப்ப திங்கக்கிழமை?" "ஆறு மணி பஸ்ஸு. புதுக்கோட்டைல இறங்கி மாறணும். முதல் தடவை வாசல்ல சொன்னப்பவே கேட்டுச்சு." "கேட்டுட்டா சரின்னீங்க?" "போறேன்னு சொன்ன. போகட்டுமான்னு கேக்கல. உன் முகத்துல அன்னிக்கு அப்படி ஒரு வெளிச்சம். மூணு வருஷத்துல நான் பார்க்காதது. அதுல போய் எப்படி நான்..." நிறுத்தினார். திரையைக் காட்டினார். "நீ போனப்புறம் இந்த வீட்ல எப்படி இருக்கிறது, அதையாவது கேட்டுக்கிட்டு இருப்போம்னு எடுத்து வச்சேன். அன்னிக்கே ஆரம்பிச்சேன். பழைய பெட்டி திடீர்னு நின்னுட்டா என்ன பண்றது, நம்பகமா ஒண்ணு போட்டுருவோம்னுதான் இத்தனை அலைச்சலும்." "பின்ன அழிச்சிடட்டுமான்னு கேட்டப்ப வேண்டாம்னு சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?" "உன் குரலு. வைக்கிறதும் அழிக்கிறதும் உன் இஷ்டம்தானே" என்றார், ஆனால் சொல்லும்போது கண் திரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தது. "வலிக்காமயா சொன்னேன். இறங்கி அந்த நிறுத்தத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத்தான் வந்தேன்."

கோடு அறுபதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. இவள் எழுந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள், அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். மன்னிச்சிருங்க என்று சொல்லத் தோன்றியது, அதைவிட அவசரமாக வேறொன்று தொண்டைக்கு வந்து நின்றது. "போகாதேன்னு சொல்லுங்க" என்றாள். அவர் தலையசைத்தார், மாட்டேன் என்று. "சொன்னா நீ இருந்துருவ பவம். உன்னை எனக்குத் தெரியாதா?" "இருக்க மாட்டேன். நான் போகத்தான் போறேன். அந்தப் பிள்ளைங்க என் முகத்தைப் பார்க்கும். நான் போகணும். ஆனாலும் சொல்லுங்க." இன்னாசி வாயைத் திறந்தார். அவள் தலைமேல் கையை வைத்து, கடைசியில் சொல்லிவிட்டார். அவர் சொன்னது இவளுக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு அடைத்துப் போயிருந்தது அவர் தொண்டை, ஆனால் உதட்டைப் பார்த்தாள், போகாத என்றுதான் சொன்னார். திங்கட்கிழமை ஆறு மணி பஸ்ஸில் அவள் போனாள். பையை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்து ஏற்றிவிட்டார்.